தெரு முழுக்கப் படம் கேட்கிறது: 51 வயதில் காசு கேட்பது எப்படி?

கேள்வி: கேரேஜ் ஃபிட்டர், வியாசர்பாடி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 51. பெரம்பூர் கேரேஜில், அதாவது ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் ரயில்வே பட்டறையில், ஃபிட்டர். பெட்டிக்கு அடியில் சக்கரம் மாட்டிய போகிச் சட்டத்தோடு மல்லுக்கட்டும் வேலை. ஓய்வு பெற இன்னும் 9 வருடம் இருக்கிறது. லாக்டவுன் சமயத்தில் மகளின் பழைய டிராயிங் நோட்டில் விளையாட்டாக ஆரம்பித்தேன். இப்போது வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, மொட்டைமாடியில் கொஞ்ச நேரமாவது பென்சில் பிடிக்காவிட்டால் சோறு இறங்குவதில்லை. முகம்தான் எனக்கு வருகிறது. மரம், மலை, சூரிய உதயம் எதுவும் வரவில்லை, வரவும் வேண்டாம்.

எதிர்வீட்டுப் பெரியம்மா இறந்தபோது அவர் மகன் கேட்டான் என்று ஒரு படம் வரைந்து கொடுத்தேன். பதினாறாம் நாள் காரியத்தில் அதற்குத்தான் மாலை போட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் யார் வரைந்தது என்று கேட்க, அதோடு என் நிம்மதி போனது. ஒருவர் ரேஷன் கார்டு போட்டோவோடு வருகிறார். இன்னொருவர் வாட்ஸாப்பில் கல்யாண குரூப் போட்டோ அனுப்பி, "கடைசி வரிசையில் வீடியோ லைட்டுக்குப் பின்னால் பாதி தெரிகிறாரே, அவர்தான் தாத்தா" என்கிறார். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, நீங்க சும்மாதானே வரையுறீங்க?" என் மனைவியோ, "மொய் எழுதுற மாதிரி வீட்டுக்கு ஒண்ணு எழுதிக்கிட்டே இரு" என்று இடிக்கிறாள்.

என் அப்பா போனபோது தோள் கொடுத்தவர்கள் இவர்கள். இவர்களிடம் எப்படிக் காசு கேட்பது? ஓய்வுக்குப் பிறகு இதையே ஒரு தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா, அதற்கு எங்காவது சேர்ந்து படிக்க வேண்டுமா? வேலையில் இருக்கும்போது காசு வாங்கலாமா? கலருக்குப் போகவும் ஆசை. வீடு இரண்டே அறை. ஆயிலா, அக்ரிலிக்கா?

பதில்: ஓட்டேரி வாசி

அண்ணே, முதலில் அந்தப் பெரியம்மா படத்தைப் போடுங்கள், கண்ணால் பார்க்கிறோம். காசு விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஓசியில் வந்த படம் பரணில் கிடக்கிறது. 2,000 ரூபாய் கொடுத்து வாங்கிய மாமா படம் ஹாலில் டிவிக்கு மேலே இருக்கிறது. வரைந்தது என்னவோ ஒரே ஆள்தான்.

பதில்: பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட், ராயபுரம்

தம்பி, எனக்கு 68 வயது. எம்.சி. ரோடு துணிக்கடை போர்டு, காசிமேட்டில் படகுக்குப் பெயர், தேர்தல் வந்தால் சுவர் எழுத்து, சினிமா பேனர் என்று பெயின்ட் டப்பாவோடு வாழ்ந்தவன். பிளெக்ஸ் வந்து எங்கள் பிழைப்பை வாரிக்கொண்டு போனது. அப்புறம் நானும் செத்தவர்கள் படத்துக்குத்தான் வந்தேன். அதனால் இந்தத் தொழிலின் நெளிவு சுளிவு கொஞ்சம் தெரியும்.

காசைப் பற்றி வெட்கப்படாதே. வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிக்க வருகிறவர் இன்றைக்கு என்ன நாள்கூலி கேட்கிறாரோ, அதற்குக் குறையாமல் உன் கூலியை வை. பேப்பர், பென்சில், பிரேம் செலவு தனி. பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டுதான் பேப்பரை வெட்ட வேண்டும். தெருக்காரர்களுக்குக் குறைத்துக் கொடுக்க மனசு வந்தால் முழு விலையைச் சொல்லிவிட்டு, "உங்களுக்காக இவ்வளவு குறைக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல். முதலிலேயே குறைத்துச் சொன்னால் அதுதான் உன் விலை என்று அடுத்த தெருவரைக்கும் போய்விடும். தோள் கொடுத்தவர்களுக்குச் சும்மாதான் செய்வேன் என்றால் செய், தப்பில்லை. ஆனால் யாருக்கு என்று நீ முடிவு செய்ய வேண்டும், அவர்கள் இல்லை.

அடுத்தது போட்டோ. ரேஷன் கார்டு, ஆதார் போட்டோவை மட்டும் வைத்துக்கொண்டு எந்த வேலையும் ஒத்துக்கொள்ளாதே. நேரே முகத்தில் வெளிச்சம் அடித்து எடுத்த படத்தில் நிழலே இருக்காது. நிழல் இல்லாவிட்டால் மூக்குக்கு உருவம் இல்லை. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்த இன்னொரு போட்டோ வேண்டும் என்று கேள். கல்யாண ஆல்பம், கோயில் வாசல், எதுவானாலும் சரி. எந்தப் போட்டோவும் இல்லையென்றால் அதே ஜாடையில் இருக்கும் தம்பியையோ மகனையோ ஜன்னல் பக்கம் உட்கார வைத்து மூக்கைப் பார்த்துக்கொள்.

கட்டம் போட்டுப் பெரிதாக்கத் தெரியுமா? போட்டோவை ஜெராக்ஸ் எடுத்து அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் கட்டம், பேப்பரில் ஐந்து சென்டிமீட்டர் கட்டம். நாற்பதடி பேனரில் ஹீரோ முகத்தை இப்படித்தான் ஏற்றினோம். நீ ஃபிட்டர், அளவு உன் கையிலேயே இருக்கிறது. ஆனால் கட்டம் வெளிக்கோட்டைத்தான் கொடுக்கும், ஜாடையைக் கொடுக்காது. ஜாடை இரண்டு உதடும் சேருகிற கோட்டிலும் கண்ணின் உள்மூலையிலும் இருக்கிறது. அங்கே நேரம் செலவு பண்ணு. தலைமுடியை ஒவ்வொன்றாக இழைக்கிறார்கள் பார், அதெல்லாம் வேலை தெரியாதவனை அசத்துவதற்கு.

பென்சில் கோடு முடிந்ததும் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டு. கண்ணாடி வேண்டுமா, மூக்குத்தி எந்தப் பக்கம், சட்டையா ஜிப்பாவா எல்லாம் அப்போதே தீர்ந்துவிட வேண்டும். முக்கியமாகப் பொட்டு. கணவர் முன்னாலேயே போய்விட்ட அம்மாவுக்குப் பொட்டு வைத்து வரையச் சொல்வாள் மகள், கூடாது என்பான் மகன். இது உன் சண்டை இல்லை. ஆனால் கேட்காமல் வரைந்தால் உன் சண்டையாகிவிடும்.

ஆயில் வேண்டாம். இரண்டு அறை வீட்டில் கலரைக் கரைக்கும் டர்பன்டைன் நாற்றம் சோற்றில் ஏறும். கலரோடு கலக்கும் லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். காட்டன் வேஸ்ட்டோடு வேலை செய்கிற உனக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக்கில் ஆரம்பி. அது சீக்கிரம் காயும். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் தட்டிலேயே காய்ந்துவிடும், அதனால் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொள். தோல் நிறம் என்று கடையில் ஒரு டியூப் விற்கிறார்களே, அதை வாங்காதே. அந்த ரோஸ் நிறத்தில் வியாசர்பாடியில் யாரும் பிறக்கவில்லை. எல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, அல்ட்ராமரைன் நீலம், வெள்ளை, நாலு போதும். சியன்னாவும் நீலமும் சேர்ந்தால் நம் ஊர்க் கறுப்புக்கு அத்தனை ஆழமும் கிடைத்துவிடும். கறுத்த நெற்றியில் வானத்து வெளிச்சம் விழும் இடம் லேசாக நீலம் அடிக்கும். அதைப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பதில்: முன்னாள் எஸ்டாப்ளிஷ்மென்ட் கிளார்க், அயனாவரம்

ரயில்வேயில் இருந்துகொண்டு காசு வாங்கலாமா என்பதற்கு மட்டும் பதில். ரயில்வே ஊழியர் நடத்தை விதிகள் 1966, விதி 15-ஐப் பாருங்கள். தனி வியாபாரமோ வேறு வேலையோ முன் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது. அதே விதியில், எப்போதாவது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் வேலைக்கு முன் அனுமதி தேவையில்லை, உத்தியோகம் கெடக் கூடாது என்றும் இருக்கிறது. "எப்போதாவது" என்பதைத்தான் அடிக்கோடு போட வேண்டும். ஆசைக்கு ஒன்றிரண்டு படம் வேறு, வாசலில் போர்டு மாட்டி ஆர்டர் பிடிப்பது வேறு. மனைவி பெயரில் நடத்தினால் யாருக்குத் தெரியும் என்று நிறைய பேர் யோசனை சொல்வார்கள். குடும்பத்தில் யாராவது வியாபாரம் செய்தால் அதையும் தெரிவிக்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. சந்தேகம் இருந்தால் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள். பென்ஷன் வாங்கும் வயதில் ஒரு சார்ஜ் ஷீட் எதற்கு?

பதில்: வாட்டர்கலர் டீச்சர், திருவொற்றியூர்

அண்ணா, ராயபுரம் பெரியவர் சொன்னதில் பாதிக்குக் கைதட்டுகிறேன். மீதிப் பாதியில் எனக்கு உடன்பாடு இல்லை. நீங்கள் முகம் பிடித்துப்போய் வரைய ஆரம்பித்தவர். இனி 9 வருடமும் மங்கலான போட்டோவைப் பெரிதாக்கிக்கொண்டே இருந்தால், ஓய்வு பெறும் நாளில் உங்களுக்குப் பென்சிலே பிடிக்காமல் போய்விடும். உயிரோடு இருக்கிற முகங்களை நேரில் பார்த்து வரையுங்கள். அந்த நோட்டு விற்பனைக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது என்று கேட்டால் காசிமேடுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில்தான் நிற்கும். வலை பின்னுகிறவர்கள் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். கை ஓடும், முகம் அசையாது. காசு கொடுத்தாலும் இப்படி மாடல் கிடைக்காது! மற்ற மாதங்களில் விடியற்காலை ஏலத்துக்குப் போனால் ஓரமாக நில்லுங்கள், ஐஸ் பெட்டி தூக்குகிறவர்கள் இடித்துத் தள்ளிவிடுவார்கள். போட்டோ எடுத்தால் முறைப்பவர்கள்கூட வரைந்தால் எட்டிப் பார்த்து, "இன்னா, எனக்குத் தொப்பை போட்டுட்ட?" என்று சிரிக்கிறார்கள்.

படிப்பைப் பற்றி. எழும்பூர் பக்கம் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி நம் வடசென்னைக்கு உறவு. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் பிராட்வேயில் தொடங்கிய பள்ளி அது. ஆனால் அங்கே பட்டப்படிப்பு 4 வருடம் முழுநேரம், கேரேஜ் வேலையோடு நடக்காது. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்கு லோயர், ஹையர் என்று இருக்கிறது. தனித்தேர்வராக எழுதலாம். ஓய்வுக்குப் பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நினைத்தால் அந்தச் சான்றிதழ் கையில் இருப்பது நல்லது. படம் நன்றாக வருவதற்கு அது தேவையில்லை.

வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தாகூர் அறுபதைத் தாண்டித்தான் தீவிரமாக ஓவியத்துக்கு வந்தார், 1930-இல் பாரிஸில் கண்காட்சி வைத்தார். அவர் ஜமீன் வீட்டுப் பிள்ளை, நமக்குச் சரிவராது என்பீர்கள். சரி, கே.சி.எஸ். பணிக்கர் தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு 25 வயதில்தான் மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பின்னாளில் அதற்கே முதல்வரானார். அவர் முன்னின்று 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அமைந்தபோது அங்கே வந்த ஓவியர்கள் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாட்டிக் துணி, கைவினைப் பொருள் செய்து விற்றுத்தான் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள். சோற்றுக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று. உங்களுக்குச் சோற்றை ரயில்வே போடுகிறது. அவசரமே இல்லை.

பேப்பர் மொத்த விலையில் வேண்டுமென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு சுற்று சுற்றுங்கள். இன்னொன்று, நம் பக்கத்து உப்புக்காற்றில் பேப்பர் பூஞ்சை பிடிக்கும். பிரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நடுவில் மவுன்ட் போர்டு என்ற தடித்த அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். மழையில் ஓதமேறும் சுவரில் மாட்டவே கூடாது என்று வாங்குகிறவர்களிடமும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஐப்பசியில் "அப்பா கன்னத்தில் புள்ளி வந்திருச்சு" என்று உங்களிடம்தான் வருவார்கள்.

பதில்: பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட், ராயபுரம்

டீச்சரம்மா சொல்வது மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குச் சரி. நான் ஆசைக்கு வரைந்தது ரொம்பக் கொஞ்சம், அதுவும் கடன்காரன் வராத நாளில். ஆனால் தம்பிக்குச் சம்பளம் இருக்கிறதே, தடைக்காலத்தில் காசிமேட்டுக்குப் போகட்டும். தடை முடிவதற்குள் படகுக்குப் பெயின்ட் அடித்துப் பெயர் எழுதுவார்கள். எழுதுகிறவன் கையைப் பார்க்கச் சொல்லுங்கள், கோடு எப்படி இழுப்பது என்று தெரியும்.

கேரேஜ் ஃபிட்டர், வியாசர்பாடி

எல்லோருக்கும் நன்றி. விதி 15-ஐ யூனியன் ஆபீஸில் கேட்டேன், அயனாவரம் சார் சொன்னதையேதான் சொன்னார்கள். மாதத்துக்கு ஒரு படத்துக்கு மேல் ஒத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். தெருவில் அதைச் சொன்னதும் வரிசை கட்டி நிற்கிறார்கள், இது நான் எதிர்பார்க்காதது. ஞாயிற்றுக்கிழமை காசிமேடு போக மகளும் வருகிறேன் என்கிறாள். ராயபுரம் அண்ணே, நீங்கள் சொன்ன பொட்டு வழக்கு இந்த மாதமே வந்துவிட்டது. அம்மாவுக்கு மகள் பொட்டு கேட்கிறாள், மகன் முடியாது என்கிறான். பென்சில் படம்தான். என்ன செய்வது?

பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட், ராயபுரம்

பொட்டைக் கடைசி வேலையாக வைத்துக்கொள். பென்சிலை அழுத்தி ஒருமுறை வைத்துவிட்டால் அழித்தாலும் தடம் நெற்றியில் தெரியும். பென்சில் கலையாமல் இருக்க ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரே அடிப்பதற்கு முன்னால் இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிடு, தனித்தனியாக வரவிடாதே. ஒரு துண்டு டிரேசிங் பேப்பரில் பொட்டு வைத்து நெற்றிமேல் போட்டுக் காட்டு, எடுத்தும் காட்டு. நீ வாயைத் திறக்காதே. அது சரி, முன்பணம் யார் கொடுத்தது, அண்ணனா தங்கச்சியா?

கேரேஜ் ஃபிட்டர், வியாசர்பாடி

ஆளுக்குப் பாதி அண்ணே.