தாத்தாவின் கட்டுமரம்: பிளெண்டரில் கயிறு மட்டும் சரியாக வரவில்லை

தேவனாம்பட்டினத்திலிருந்து கேள்வி:

வணக்கம். எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் தாத்தாவின் கட்டுமரம் கிடக்கிறது. ஐந்து மரத்தில் நாலுதான் மிச்சம். வலது ஓரத்து மரத்தை 2004 சுனாமி கொண்டுபோய்விட்டது. அப்புறம் வீட்டுக்கு ஃபைபர் படகு வந்தது, இதை யாரும் திரும்பக் கட்டவில்லை. இருப்பதையும் கரையான் தின்பதற்குள் அப்படியே பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்துவைக்க ஆசை.

ஒவ்வொரு மரத்தையும் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்து மெஷ் (முப்பரிமாண உருவம்) ஆக்கினேன். போன மரத்துக்குப் பதிலாக இடது ஓரத்து மரத்தையே மிரர் செய்தேன், கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி வைத்தேன். அப்பாவிடம் காட்டினால், "எல்லாத்தையும் ஒரே மட்டத்துல வச்சிருக்கியே, நடுமரம் தாழ இருக்கணும்டா" என்றார். சரி, அதை மாற்றிவிட்டேன். கயிறுதான் பிடிபடவில்லை. மரத்தைச் சுற்றி ஓட்டினால் அடியில் புடைத்து நிற்கிறது. கரையில் இழுக்கும்போது மணலில் தேய்ந்து அறுந்துவிடாதா?

இன்னொன்று, 'ஈராயிரம் ஆண்டுப் பழமையான படகு' என்று தலைப்புப் போடலாமா?

வீராம்பட்டினத்திலிருந்து பதில்:

தம்பி, முப்பது வருஷம் கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போனவன் நான். முதலில் அந்த மிரரை எடுத்துவிடு. மரம் வளைந்த வாக்கிலேயே வாச்சியால் செதுக்குவார்கள். இடதும் வலதும் அண்ணன் தம்பி மாதிரிதான், இரட்டைப் பிள்ளை இல்லை.

கயிறு கேட்டாயே, மரத்தைப் புரட்டிப் போட்டு, கட்டு விழும் இடத்தில் அடிப்பக்கம் கையால் தடவிப் பார். கயிறு உட்காரப் பள்ளம் வெட்டியிருக்கும். அதற்குள் புதைந்துவிட்டால் மணல் தொடாது. மேலே குறுக்குக் கட்டை வைத்து, அதன்மேல் ஏற்றி எல்லா மரத்தையும் சேர்த்து இறுக்குவோம். ஆணி ஒன்றுகூடக் கிடையாது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவோம். ஊறின மரம் கனத்துப்போகும், அலையில் எழும்பாது. உன் மாடலிலும் ஐந்தும் ஐந்து உருப்படியாகவே இருக்கட்டும், ஒட்டிவிடாதே.

புதுச்சேரியிலிருந்து பதில்:

தலைப்பு வேண்டாம் என்பேன். சங்கப் பாட்டில் 'கொடுந்திமில் பரதவர்', அதாவது வளைந்த திமில் என்னும் படகில் போகும் மீனவர்கள், வருகிறார்கள். திமில் வளைந்தது என்று தெரிகிறது, எத்தனை மரம், எப்படிக் கட்டினார்கள் என்று பாட்டில் இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் குறிப்பான பெரிப்ளூஸ், மரங்களைப் பிணைத்த 'சங்கர' என்னும் கலங்களை இந்தக் கரையில் சொல்கிறது. அதில் வரும் பொதுகே துறையை நம் அரிக்கமேடு என்பார்கள். ஆனால் அவை பெரிய கலங்கள். அகழாய்வு நடந்த அழகன்குளத்தில் கிடைத்த பழைய பானை ஓட்டில் கீறியிருப்பதும் கப்பல்தான். அவற்றை வைத்து உங்கள் தாத்தாவின் மரத்துக்கு வயது போட முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மோன் பாரி இந்தக் கரைப் படகுகளை அளந்து வரைந்த படங்கள் உதவும். தலைப்பு 'தேவனாம்பட்டினம், 20-ஆம் நூற்றாண்டு' என்றிருக்கட்டும். அளந்த நாலு மரத்துக்கு ஒரு நிறம், ஊகித்த ஐந்தாவதுக்கு வேறு நிறம் கொடுங்கள். பார்ப்பவரை ஏமாற்றக் கூடாது.

கேட்டவரிடமிருந்து:

அண்ணே, நானும் அப்பாவும் இன்று காலை புரட்டிப் பார்த்தோம். பள்ளம் இருக்கிறது! அணியத்துப் பக்கம் (முன்பக்கம்) ஒன்று, பின்பக்கம் ஒன்று, இரண்டு விரல் அகலம். விளிம்பு கயிறு உரசி உரசி வழவழவென்று தேய்ந்திருக்கிறது. மரம் தரையில் கிடந்தபடியே போட்டோ எடுத்ததால் அடிப்பக்கம் படத்தில் வரவே இல்லை, மென்பொருள் தானாகச் சமமாக மூடிவிட்டது. நாலையும் மல்லாத்திப் போட்டாயிற்று. வெயில் சாய்ந்ததும் மறுபடி எடுக்கிறேன். புதுச்சேரி ஐயா சொன்னபடி ஐந்தாவது மரத்துக்குச் சாம்பல் நிறம்.