முத்தையா தாத்தா குடும்பம்: இலுப்பைத் தோப்புக்கு ஒரு நாள்

பெரியப்பா (காலை 5:48): அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் தங்கை வசந்தி, ஊர்த் தோப்பில் இலுப்பை பூத்துக் கொட்டுவதைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று இருக்கிறாள். நேற்று அய்யனார் கோயில் பூசாரியிடம் பேசினேன். மரங்கள் இலையை உதிர்த்துவிட்டுக் கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாய் மொட்டு வைத்திருப்பதாகவும், கிழக்கு ஓரத்து மரங்களில் பூ விழத் தொடங்கிவிட்டதாகவும் சொன்னார். ஆகவே மார்ச் 23, ஞாயிறு போய் வருவோம். திருச்சியிலிருந்து அதிகாலை 3 மணிக்கு வேன் புறப்படும்.

பாலா அண்ணன்: 3-ஆ?

பெரியப்பா: வாக்கியத்தை முழுமையாக எழுது.

பாலா அண்ணன்: அதிகாலை 3 மணிக்கு நான் எழுந்ததாக வரலாறு இல்லை.

அம்மா: பூ தரையில்தானே கிடக்கும் மாமா, 7 மணிக்குப் போய்ச் சேர்ந்தால் போதாதா?

பெரியப்பா: கிடக்காது, மகேஸ்வரி. இலுப்பை இரவில் மலர்ந்து விடிவதற்குள் உதிர்கிற பூ. மற்ற மரங்களைப் போல இதழ் இதழாகக் கொட்டாமல், அல்லிவட்டம் முழுவதும் சதைப்பற்றான சிறு குடுவையாக வெளிர்மஞ்சள் நிறத்தில் கழன்று விழும். சூலகம் மட்டும் காம்போடு மரத்திலேயே நின்று காயாகும். இரவெல்லாம் பழந்தின்னி வௌவால்கள் வந்து தின்னும், விடிந்ததும் ஆடுகள் வந்துவிடும், வெயில் ஏறினால் மிச்சமும் வதங்கிப் பழுப்பேறிவிடும். நாம் 5 மணிக்குள் மரத்தடியில் நிற்க வேண்டும்.

நான்: ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். பெரியப்பா மாத்திரையை எடுத்துக்கொண்டு வரட்டும்.

பெரியப்பா: நான் பார்க்கத்தான் வருகிறேன், தின்பதற்கு அல்ல.

அத்தை: அண்ணன் அப்படித்தான் சொல்லும், நித்யா. ஓலைப்பெட்டியில் நாங்கள் பொறுக்குவதில் பாதி அதன் வாய்க்குள்தான் போகும். மீதியை அம்மா காயவைத்து வறுத்து இடித்துத் தருவாள். கோயில் தோப்பைப் பார்த்த பிறகு, நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் இலுப்பையடியிலும் சிறிது நேரம் உட்கார வேண்டும்.

(அப்பா ஒரு செய்தியை நீக்கிவிட்டார்.)

பாலா அண்ணன்: திரும்பும் வழியில் சித்தன்னவாசல் போய்த் தாமரைக்குள ஓவியத்தையும் பார்த்துவிடலாமே.

பெரியப்பா: மார்ச் மாதம் 11 மணிக்கு அந்தப் பாறையில் காலை வைத்துப் பார்.

அப்பா: அக்கா, கொல்லை மரம் இப்போது இல்லை. கஜா புயலில் சாய்ந்துவிட்டது.

பெரியப்பா: கஜா வந்தது 2018 நவம்பரில். மர வியாபாரியின் லாரி வந்தது 2016-இல்.

அம்மா: புளியோதரை எத்தனை பேருக்குக் கட்ட வேண்டும் என்பதை யாராவது சொல்லுங்கள்.

அத்தை: குமார், எனக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

அப்பா: அடிமரத்தில் பொந்து விழுந்திருந்தது, அக்கா. அது பாதிக் காரணம்தான். நித்யாவின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. அண்ணனிடம் ஏற்கெனவே ஒரு முறை வாங்கியிருந்ததால் மறுபடி கேட்க மனம் வரவில்லை. 14,000 ரூபாய்க்குக் கொடுத்தேன்.

பெரியப்பா: தேருக்குச் சட்டம் செய்கிற மரம் அது. விலையிலும் ஏமாந்திருக்கிறாய்.

நான்: அப்பா, இது எனக்கு இன்று வரை தெரியாது.

அப்பா: உனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

பாலா அண்ணன்: ஓட்டுநரையும் சேர்த்து 10 பேர் வருகிறோம், சித்தி.

அத்தை: அடிக்கட்டையாவது இருக்கிறதா?

அப்பா: இருக்கிறது. பக்கத்தில் தளிர் வந்திருப்பதாக மேலத்தெரு மாமா சென்ற ஆண்டு சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை.

பெரியப்பா: இலுப்பை வெட்டினாலும் தழையும். ஆனால் அந்தக் கொல்லையில் ஆடு கட்டுகிறார்கள்; வேலி இல்லாமல் தளிர் தங்காது. வேலி போடும் செலவைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

அம்மா: நேரில் பேசினால் என்ன ஆகும் என்று காதுகுத்தில் பார்த்தோம்.

அத்தை: நான் போடுகிறேன் வேலியை. யாரும் பேச வேண்டாம்.

அப்பா: அதெல்லாம் வேண்டாம் அக்கா. ஓட்டுநரும் வேண்டாம், வண்டியை நானே ஓட்டுகிறேன். 3:30-க்குப் புறப்படலாம்.

பெரியப்பா: 3 மணி.

அம்மா: புளியோதரைக்காக ஒரு மணிக்கு எழப்போவது நான். எனவே நேரத்தை நான் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன்.