பெட் ஸ்கேனுக்கு ஊசிக்குப் பதில் வாய்வழி மருந்து: சோதிக்கத் தகுந்ததா?

கயல்விழி (செவிலியர்):
புற்றுநோய்க் கட்டிகளைக் காட்டும் பெட் ஸ்கேனுக்கு முன் ஊசியாக ஏற்றப்படும் எஃப்.டி.ஜி. என்னும், குளுக்கோஸைப் போன்ற கதிரியக்க மருந்தைக் குடிக்கக் கொடுத்து முறையாகச் சோதிக்க வேண்டும் என்று கருதுகிறேன். பல சுற்று கீமோ எடுத்தவர்களின் புறங்கையில் இரத்தக்குழாய்கள் தடித்து இறுகிவிடுகின்றன. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கணுக்களை அகற்றியவர்களுக்கு அந்தப் பக்கக் கையையும் தவிர்க்கிறோம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தட்டித் தடவிக் குழாய் தேடும்போது நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்த மருந்திலுள்ள கதிரியக்க ஃபுளோரின்-18 பாதியாகக் குறையும் அரைவாழ்வுக் காலமோ ஏறத்தாழ 110 நிமிடங்கள்தான்; குழாய் தேடும் நேரத்திலேயே அது குறைந்துகொண்டிருக்கிறது. தைராய்டு நோயாளிகள் கதிரியக்க அயோடின்-131ஐப் பல்லாண்டுகளாக விழுங்கித்தானே வருகிறார்கள்?

இளங்கோ (மருத்துவ இயற்பியல்):
சகோதரி, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அயோடின் ஒப்பீடு இங்கே பொருந்தாது. அயோடினைக் குடல் ஏறக்குறைய முழுமையாக உறிஞ்சிக்கொள்ளும், படம் எடுக்க ஒரு நாளோ அதற்கு மேலோ காத்திருக்கவும் முடியும். எஃப்.டி.ஜி.க்குக் கிடைப்பது சுமார் ஒரு மணி நேரம். குடலில் குளுக்கோஸை இழுக்கும் எஸ்.ஜி.எல்.டி. கடத்திகள் எஃப்.டி.ஜி.யை அவ்வளவாக ஏற்பதில்லை. இரைப்பை காலியாகும் வேகமும் ஆளுக்கு ஆள் மாறும். எவ்வளவு உள்ளே போனது என்பதே தெரியாதபோது, செலுத்திய அளவையும் உடல் எடையையும் வைத்துக் கணக்கிடும், கட்டி எவ்வளவு மருந்தை ஈர்த்தது என்று காட்டும் எஸ்.யூ.வி. எண்ணுக்கு என்ன பொருள்? குடலில் தங்கிய மருந்தின் ஒளியில் வயிற்றுக் கட்டிகள் மறைந்துபோவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கயல்விழி:
ஊசியிலும் மருந்து குழாய்க்கு வெளியே கசிவதுண்டு. அப்போதும் அதே கணக்குத்தான் பிழையாகிறது. குழாய் கிடைக்காதவர்களுக்குக் கசிவு அபாயமும் கூடுதல். ஆகவே ஒப்பிட வேண்டியது குறையற்ற ஊசியோடு அல்ல, அந்த நோயாளிக்கு உண்மையில் கிடைக்கும் ஊசியோடு.

மாறன் (லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்):
என் சிகிச்சையைத் தொடர்வதா மாற்றுவதா என்பதை ஸ்கேன்தான் முடிவு செய்கிறது. ஊசி வலியைப் பொறுத்துக்கொள்வேன். தவறான படத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

இளங்கோ:
மாறன் ஐயா சொல்வதே என் அச்சமும். லிம்ஃபோமா சிகிச்சைக்கு எவ்வளவு கட்டுப்படுகிறது என்று மதிப்பிடும், 1 முதல் 5 வரையிலான டோவில் அளவுகோல், கட்டியின் ஒளிர்வைக் கல்லீரலோடும் நெஞ்சுப் பகுதி இரத்தத்தோடும் ஒப்பிடுகிறது. குடித்த மருந்து குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய்ப் பிறகுதான் உடலெங்கும் பரவுகிறது. அளக்கும் கோலே நகர்ந்துவிட்டால் 3 என்பது 4 ஆகவோ, 4 என்பது 3 ஆகவோ மாறலாம். அந்த ஓர் எண்ணில் ஒருவருடைய கீமோ நிற்கலாம் அல்லது நீளலாம்.

கயல்விழி:
லிம்ஃபோமாவையும் வயிற்றுப் புற்றுநோய்களையும் விட்டுவிடுவோம். நுரையீரல், தலை, கழுத்துக் கட்டிகளில் தொடங்கி, ஒரே நோயாளிக்குச் சில நாள் இடைவெளியில் இரு வழியிலும் கொடுத்து, எந்த வழி என்று அறியாத இரு மருத்துவர்கள் கட்டி கட்டியாகப் பார்த்துச் சொல்லட்டும்.

இளங்கோ:
இது ஏற்கத்தக்க வடிவம். ஆனால் 370 மெகாபெக்கரல் கதிரியக்கம் கொண்ட எஃப்.டி.ஜி. என்பதே உடலுக்கு ஏறத்தாழ 7 மில்லிசீவெர்ட் கதிர்வீச்சு. இரண்டாம் முறை அது நோயாளியின் நன்மைக்காக அல்ல, நம் கேள்விக்காகத் தரப்படுகிறது என்பதை ஒப்புதல் படிவத்தின் முதல் பத்தியிலேயே எழுத வேண்டும். குடல் எந்த வழி என்று காட்டிக்கொடுக்காதிருக்க, வயிற்றுப் பகுதியை வெட்டிய படங்களைத்தான் அந்த மருத்துவர்களிடம் தர வேண்டும்.