அப்பாவுக்கு 74 வயதில் அக்கி: சின்ன வயது அம்மை இப்போது எப்படி எழும்பியது?

செங்காங் மகள்
வணக்கம். அப்பாவுக்கு 74. போன வாரம் இடது விலாவில் எரிகிறது என்றார். இரண்டு நாளில் வரிசையாகக் கொப்புளம். பலதுறை மருந்தகத்தில் அக்கி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். பத்து வயதில் மன்னார்குடியில் சின்னம்மை வந்ததாம், அதுதான் திரும்ப எழும்பியிருக்கிறது என்கிறார் டாக்டர். அப்பாவுக்குச் சர்க்கரை கிடையாது, தினமும் காலையில் நடக்கிறார். அவருடைய எதிர்ப்புச் சக்தி எங்கே போனது? அக்கித் தடுப்பூசியும் வேண்டாமாம். 'வயசானவங்க உடம்பு ஊசிய ஏத்துக்காது' என்று கோப்பிக் கடை நண்பர் சொல்லிவிட்டார். வீட்டில் எட்டு மாதப் பேரன் வேறு இருக்கிறான்.

ஓய்வுபெற்ற தாதி
தங்கச்சி, அந்த அம்மைக் கிருமி அப்பாவின் உடம்பை விட்டுப் போகவே இல்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு வேர்களில் இத்தனை வருடமும் ஒடுங்கிக் கிடந்தது. அதைத் தலைதூக்க விடாமல் வைத்திருந்தவை டி அணுக்கள், அதாவது கிருமியை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளை ரத்த அணுக்கள். அம்மைக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பற்றிப் பிடிக்கும் புரதம், இந்த வயதிலும் ரத்தத்தில் ஓரளவு இருக்கும். தளர்ந்தது டி அணுக்களின் பிடிதான்.

டி அணுக்கள் முதிர்வது நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில். பருவ வயதுக்குப் பிறகு அது சுருங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்பாகிவிடும். புது அணுக்களின் வரத்து குறைந்துகொண்டே போகும். இருக்கிற பழைய அணுக்களே பெருகி இடத்தை நிரப்பும். அதனால் புதிதாக வரும் கிருமியை அடையாளம் காணும் ஆட்கள் குறைவு. நடைப்பயிற்சி நிச்சயம் நல்லது, ஆனால் தைமஸை அது பழையபடி ஆக்காது. அப்பாவின் கவனக்குறைவு என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், முதியோர் வார்டில் பார்த்துப் பார்த்து மனம் பதைத்த விஷயம். வயதானவர்களுக்குப் பெரிய தொற்றிலும் காய்ச்சல் ஏறாமல் போகலாம். நிமோனியாவோடு வருவார்கள், வெப்பமானி 37 காட்டும். சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு, இன்றைக்கு என்ன கிழமை என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். 'காய்ச்சல் இல்லையே சிஸ்டர், அதான் நாளைக்குப் பார்க்கலாம்னு இருந்தோம்' என்பார்கள் பிள்ளைகள். திடீர்க் குழப்பம், தடுமாறி விழுவது, பசியின்மை, இதில் எது வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள்.

பொங்கோல் பாட்டி
பேரனைப் பற்றி ஒரு வார்த்தை. அக்கிக் கொப்புளத்தின் நீர் பட்டால் குழந்தைக்குச் சின்னம்மை வரலாம். அதற்கான முதல் ஊசி இங்கே சிங்கப்பூரில் 12 மாதத்தில்தான். கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்கு கட்டும்வரை புண்ணை மூடி வையுங்கள், துண்டைத் தனியாக வையுங்கள், தாத்தா கொஞ்ச நாள் பிள்ளையைத் தூக்க வேண்டாம்.

செங்காங் மகள்
ரொம்ப நன்றி. தாதி அக்கா, ஊசி விஷயம்? ஒருமுறை அக்கி வந்தவருக்கும் போடுவார்களா?

ஓய்வுபெற்ற தாதி
போடுவார்கள், மறுபடியும் வரக்கூடியது என்பதால். இந்த அக்கி நன்றாக ஆறட்டும், எப்போது போடலாம் என்று டாக்டர் சொல்வார்.

நண்பர் சொன்னதில் பாதி சரி. சாதாரண ஃபுளூ ஊசிக்கு முதியவர்கள் உடம்பில் ஆன்டிபாடி குறைவாகத்தான் ஊறும். அது தெரிந்துதான் ஒவ்வொரு வகை ஃபுளூ கிருமிக்கும் 15 மைக்ரோகிராம் கிருமிப் புரதம் இருந்த இடத்தில் 60 வைத்து முதியவர்களுக்கென்றே ஓர் ஊசி செய்தார்கள். அக்கிக்கான ஷிங்ரிக்ஸ் என்ற தடுப்பூசியில் சிலி நாட்டுச் சோப்புப்பட்டை மரத்திலிருந்து எடுக்கும் ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். அது சோர்ந்த டி அணுக்களைத் தட்டி எழுப்பும். 70 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த சோதனையில் சுமார் 90 விழுக்காடு பாதுகாப்பு கிடைத்தது. இரண்டு ஊசி, இடையில் 2 முதல் 6 மாதம். 2025 செப்டம்பர் முதல் 60 வயதும் அதற்கு மேலும் ஆன, தகுதியுள்ள சிங்கப்பூரர்களுக்கு மானியமும் உண்டு. ஊசிக்குப் பிறகு கை வலியோ காய்ச்சலோ வராவிட்டால் வேலை செய்யவில்லை என்று அப்பா சொல்லக்கூடும். அப்படி அர்த்தமில்லை, இரண்டாவதையும் கட்டாயம் போடச் சொல்லுங்கள். அம்மாவுக்கும் 60 ஆகியிருந்தால் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.