அரளி வேலி: அடியில் மொட்டை, உச்சியில் மட்டும் பூ

பென்னாகரம்_தோட்டம்:
சரளை கலந்த செம்மண். ரோட்டோரம் 40 அடிக்கு செவ்வரளி வேலி, மூணு வருஷச் செடி. பத்தடி உயரம் போயிடுச்சு. இடுப்பு வரைக்கும் இலையே இல்ல, பூ உச்சியிலதான். கொழுந்துல மஞ்சள் பூச்சி வேற. போர் தண்ணி உப்பு. யூரியா போடலாமா, வெட்டிடலாமா?

காவேரிப்பட்டணம்_பண்ணை:
வெட்டுங்க. அரளி புதுக்கிளை நுனியிலதான் பூக்கும். வெட்டாம விட்டா கிளை மேல போகப் போக பூவும் மேலயே போகும். மழை ஓய்ஞ்சு மார்கழி, தையில வெட்டினா சித்திரைப் பூவுக்குத் தயாராயிடும். மொத்தமா தரையோட வெட்டினாலும் துளிர்க்கும், ஆனா அந்த சீசன் பூவும் மறைப்பும் போயிடும். அதனால ஒவ்வொரு தூர்லயும் முத்தின கிளையில மூணுல ஒரு பங்கை மட்டும் ஒன்றரை அடிக்கு இறக்குங்க, மிச்சத்தை அஞ்சடிக்கு. அடுத்த வருஷம் அடுத்த பங்கு. கணுவுக்குச் சற்று மேல வெட்டணும். கணுவுக்கு மூணு இலை இருக்கும், அந்த இடுக்குகள்ல இருந்துதான் துளிர் வரும். செடிக்கு 10 கிலோ மக்கின தொழுவுரம், தூரை விட்டு ஒன்றரை அடி தள்ளி. மர நிழல் விழுந்தா இதெல்லாம் வீண்.

மத்தூர்_நர்சரி:
அந்தப் பூச்சி அசுவினி. யூரியா போட்டா இளங்கொழுந்து நிறைய வரும், அதுவும் பெருகும். முதல்ல தண்ணியைப் பீச்சி அடிங்க. அப்புறமும் இருந்தா லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலத்துல. வாரம் கழிச்சு இன்னொரு தடவை. உப்பிப்போய் பழுப்பா ஒட்டிக்கிட்டிருக்கிற அசுவினிக்குள்ள குளவிப் புழு இருக்கும், நமக்கு வேலையாள் அது. அந்தக் கொழுந்தை விட்டுடுங்க.

உப்பை அரளி ஓரளவு தாங்கும். தினமும் ஒரு சொம்பு ஊத்துறதுதான் தப்பு. உப்பு மேல்மண்ணுலயே தங்கி இலை ஓரம் கருகும். பத்து நாளைக்கு ஒருமுறை வேர் வரைக்கும் நனைய விடுங்க.

பென்னாகரம்_தோட்டம்:
நன்றிங்க. வெட்டின குச்சியைக் காய வச்சு அடுப்பெரிக்கலாமா? அந்தப் பக்கம் ஆடும் மேயும்.

மத்தூர்_நர்சரி:
கூடவே கூடாதுங்க. இலை, பூ, பால், குச்சி எல்லாமே இதயத்தைத் தாக்குற விஷம், காஞ்சாலும் போகாது. புகையும் ஆகாது. பச்சை இலையை ஆடு கசப்புக்குப் பெரும்பாலும் தொடாது. ஆனா தின்னா பச்சையும் விஷம்தான், வாடின இலை தீவனத்தோட கலந்துட்டா இன்னும் ஆபத்து. அன்னைக்கே பொறுக்கி ரெண்டடி குழியில புதைச்சிடுங்க, கையுறை போட்டுக்கிட்டு. ஆடு தின்னுட்டா கால்நடை மருத்துவர், ஆள் வாயில போட்டுட்டா உடனே 108. கைவைத்தியம் வேண்டாம்.

காவேரிப்பட்டணம்_பண்ணை:
புதைக்கிறதுக்கு முன்னாடி பென்சில் கனமுள்ள குச்சியா எடுத்து வைங்க. 8 அங்குலம், அடி இலையைக் கிள்ளிட்டு ரெண்டு கணு மண்ணுக்குள்ள. செம்மண், மணல், தொழுவுரம் சம அளவுல பையில போட்டு, நிழல்ல வச்சு, மண் காயும்போது மட்டும் தண்ணி. சொதசொதன்னு விட்டா அடி அழுகும். வேலியில சந்து விழுந்த இடத்துல ஆடி, ஆவணி மழைக்கு நட்டுடலாம்.