ஓய்வு நாளில் இறைத்தவருக்கு இறைத்துத்தான் பதில் சொல்ல வேண்டுமா?

கேள்வி (குடியாத்தம் பக்கம்):

எங்களுடையதையும் சேர்த்து அருகருகே உள்ள நான்கு கிணறுகள் ஒரே ஊற்றை நம்பி இருக்கின்றன. மாசியில் நீர்மட்டம் இறங்கியதும், ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டுமே மோட்டார் போடுவது என்று நால்வரும் பேசி முடித்தோம். மூன்று வாரம் ஒழுங்காக நடந்தது. சென்ற வாரம் ஓய்வு நாளன்று விடியற்காலையில் வரப்பில் நடந்தபோது, ஒருவருடைய வாழைத்தோப்பு வாய்க்காலில் கணுக்கால்வரை சேறு. ஆட்டக் கோட்பாட்டில் வரும் கைதிகளின் இக்கட்டைப் படித்திருக்கிறேன்; மற்றவரைக் காட்டிக்கொடுப்பதா வேண்டாமா என்று தனித்தனியே முடிவெடுக்கும் இரு கைதிகளின் கதை அது. மற்றவர் இறைத்தாலும் இறைக்காவிட்டாலும் நான் இறைப்பதே எனக்கு லாபம் என்கிறது அந்தக் கணக்கு. அப்படியானால் பேச்சைக் காப்பாற்றிய நான் ஏமாளியா?

பதில் 1 (காட்பாடி):

அந்தக் கணக்கு ஒரே முறை ஆடும் ஆட்டத்துக்கு உரியது. 1950இல் மெரில் ஃபிளட்டும் மெல்வின் டிரஷரும் வகுத்த ஆட்டத்துக்கு ஆல்பர்ட் டக்கர் கைதிகளின் கதையைச் சேர்த்தார். அதில் அடுத்த சுற்று கிடையாது. நீங்களோ வரும் மாசியிலும் அதே வரப்பில் நிற்பீர்கள். ராபர்ட் ஆக்ஸல்ராட் நடத்திய கணினிப் போட்டியில் நிரல்கள் இரண்டிரண்டாக 200 சுற்றுகள் மோதின. இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளி, இருவரும் ஏமாற்றினால் 1, ஒருவர் மட்டும் ஏமாற்றினால் அவருக்கு 5, நம்பியவருக்கு 0. வென்றது அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல்: முதலில் ஒத்துழைக்கும், பிறகு எதிராளி கடைசியாகச் செய்ததையே திருப்பிச் செய்யும். ஆகவே நீங்களும் ஒருநாள் இறையுங்கள். அவர் திருந்தினால் அதோடு விட்டுவிடுங்கள்.

பதில் 2 (காவேரிப்பாக்கம் பக்கம்):

இந்த யோசனையை ஏற்க முடியவில்லை. அங்கே ஆடியவர்கள் இருவர், இங்கே நால்வர். பதிலுக்கு நீங்கள் மோட்டார் போட்டால், ஒரு தவறும் செய்யாத மற்ற இருவரின் கிணறும் சேர்ந்து இறங்கும். அவர்கள் கண்ணுக்கு நீங்கள்தான் முறை தவறியவர். பொதுவளங்களை மக்கள் தாமாகவே கட்டிக்காத்த ஊர்களை ஆராய்ந்து 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், நீடித்த ஏற்பாடுகளில் கண்காணிப்பும், சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறும் தண்டனையும் இருந்ததைக் காட்டினார். நம் ஏரிப் பாசனத்தில், வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டி என்பவர் செய்ததும் இதுதான். தலைமடை, கடைமடை என்று பாராமல் எல்லோரிடமும் நெல் வாங்கியவர் என்பதால், எல்லோருக்கும் பதில் சொல்லவேண்டிய இடத்தில் அவர் இருந்தார்.

பதில் 3 (அணைக்கட்டு):

முதலில் ஸ்டார்ட்டரைப் பாருங்கள். ஆட்டோவில் இருந்தால், இரவில் மும்முனை மின்சாரம் வந்த நேரத்தில் மோட்டார் தானாக ஓடியிருக்கும். தவறுதலுக்கும் பழிக்குப் பழி என்று இறங்கினால் முடிவே இல்லாமல் போகும். தவறு நேரக்கூடிய ஆட்டத்தில் அவ்வப்போது மன்னிக்கும் உத்தியே நன்றாக நிலைக்கிறது என்று ஆய்வாளர்கள் நோவாக்கும் சிக்மண்டும் 1992இல் காட்டினார்கள். இன்னொன்று, விவசாய மின்சாரம் இலவசமாக இருக்கும்வரை கூடுதலாக இறைப்பவருக்குக் கைச்செலவு எதுவும் தெரியாது. செலவு தெரிய ஒரே வழி, நால்வரும் சேர்ந்து நின்று முடிச்சுப் போட்ட கயிற்றை ஒவ்வொரு கிணற்றிலும் இறக்கி நீர்மட்டத்தைப் பார்ப்பது.

கேள்வி கேட்டவர்:

நேற்று நால்வரும் கயிறு இறக்கினோம். முதல் தடவை இரவில் மோட்டார் ஆட்டோவில் ஓடியதாகவும், அடுத்த ஓய்வு நாளில் வாழை குலை தள்ளும் பருவம் என்பதால் தெரிந்தே இறைத்ததாகவும் அவரே சொன்னார். குலை முற்றும்வரை அவருக்கு ஓய்வு நாளில் ஒரு மணி நேரம் விட்டுக்கொடுத்து, அதை என் முறையில் கழித்துக்கொள்வதாகவும், மழை வந்தபின் அவர் திருப்பித் தருவதாகவும் பேசியிருக்கிறோம். ஸ்டார்ட்டர்கள் நான்கையும் மேனுவலுக்கு மாற்றிவிட்டோம். கயிறு என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் இறக்குவதாக ஏற்பாடு.