"ஒரு வெள்ளிகூட எடுக்கவில்லை" என்றால் சபை வியாபாரம் இல்லையா?

ஈசூன்வாசி:
நேற்று ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "சிங்கப்பூரின் சிட்டி ஹார்வெஸ்ட் சபை வழக்கில் யாரும் தன் பையில் ஒரு வெள்ளிகூடப் போடவில்லை. ஆகவே இன்றைய சபைகளை வியாபாரம் என்பது அவதூறு" என்கிறார். கட்டட நிதியிலிருந்து 24 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போலிக் கடன் பத்திரங்களில் போனது. அதை மூடி மறைக்க இன்னும் 26 மில்லியனைச் சுற்றிவிட்டார்கள். எல்லாம் அந்தச் சபையின் போதகர் கோங் ஹீயின் மனைவி அமெரிக்காவில் பாப் பாடகியாவதற்கு. 2015-ல் ஆறு பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. கட்டடத்துக்கென்று கொடுத்த காணிக்கை பாட்டுக்குப் போவதுதான் ஊழியமா?

வசனப்பிரியன்:
எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம், பயமில்லை. ஒரே கேள்வி: ஒரு வெள்ளியாவது அவர்கள் சொந்தப் பைக்குப் போனதா? ஆம், இல்லை என்று பதில் சொல்லுங்கள். 2017 மேல்முறையீட்டில் கோங் ஹீயின் 8 ஆண்டுச் சிறை மூன்றரை ஆண்டாகக் குறைந்ததே, அது சும்மாவா?

ஈசூன்வாசி:
தீர்ப்பைப் படித்துவிட்டுப் பேசுங்கள் சகோதரரே. குறைந்ததற்கு முக்கியக் காரணம் சட்டப் பிரிவு. கடுமையான தண்டனை உள்ள 409-ஆவது பிரிவு அவர்களுக்குப் பொருந்தாது, குறைந்த தண்டனை உள்ள 406-தான் பொருந்தும் என்று மூன்று நீதிபதிகளில் இருவர் சொன்னார்கள். நம்பிக்கை மோசடி என்ற குற்றம் அப்படியேதான் இருந்தது. ஒருவர்கூட விடுதலை ஆகவில்லை.

வசனப்பிரியன்:
நான் கேட்டது பிரிவு எண்ணை அல்ல. ஒரு வெள்ளி. எடுத்தார்களா?

பழைய மெதடிஸ்ட்:
இதற்குத்தான் பெரிய சபைகள் பக்கமே போகக்கூடாது என்று இருபது வருடமாகச் சொல்கிறேன். எங்கள் தமிழ்ச் சபையில் ஆண்டுக் கூட்டத்தில் கணக்கை வரி வரியாக வாசிப்போம். மின்விசிறி மாற்றிய செலவுகூட வரும்.

வசனப்பிரியன்:
ஐயா, வாசிப்பதைக் கேட்க உங்கள் சபையில் எத்தனை பேர் மிச்சம்? இளைஞர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று யோசித்தீர்களா?

பழைய மெதடிஸ்ட்:
தம்பி, போன கிறிஸ்துமஸ் சமயத்தில் கேரல் பாடுவது பற்றிப் பேசியபோதும் இதையேதான் சொன்னீர்கள். அன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்றீர்கள், இன்னும் கேட்கவில்லை. நான் மறக்கவில்லை.

காத்தோங் குமரன்:
சபையை மட்டும் ஏன் பிடித்துத் தொங்குகிறீர்கள்? சிறுநீரக நோயாளிகளுக்கான அறநிறுவனம் என்கேஎஃப், அதன் தலைமை நிர்வாகியின் அலுவலகக் குளியலறையில் தங்க முலாம் பூசிய குழாய் என்ற விஷயம் 2005-ல் நீதிமன்றத்தில் அலசப்பட்டபோது ஊரே கொதித்தது. 2009-ல் ரென்சி மருத்துவமனையின் புத்தத் துறவி மிங் யீ தண்டனை பெற்றார். பணம் சேரும் இடமெல்லாம் இப்படித்தான்.

ஈசூன்வாசி:
குமரன், துறவி செய்தார் என்பதற்காகப் போதகர் செய்தது சரியாகிவிடுமா? அவர்களைப் பற்றி உங்கள் பக்கத்தில் எழுதுங்கள், நானும் வந்து ஆதரிக்கிறேன். இது நான் கும்பிடும் இடத்தைப் பற்றிய வலி.

காத்தோங் குமரன்:
உங்கள் பக்கம், எங்கள் பக்கம் என்று எப்போது பிரித்தீர்கள்? நல்லா இருக்கு.

வசனப்பிரியன்:
பேச்சை மாற்ற வேண்டாம். ஒரு வெள்ளி. இன்னும் பதில் இல்லை.

ஈசூன்வாசி:
சரி, சொல்கிறேன். சொந்தப் பைக்குப் போனதாக நீதிமன்றம் சொல்லவில்லை. போதுமா? ஆனால் எந்தப் பையிலிருந்து போனது என்று நீங்கள் ஒரு தடவையாவது கேட்டீர்களா?

என் அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் கழுவியவர். அவர் போனது வேறொரு சபை, பெயர் வேண்டாம். கட்டட நிதிக்கு மூன்று வருடம், மாதம் 150 வெள்ளி என்று உறுதிமொழி அட்டையில் கையெழுத்துப் போட்டார். அந்த அட்டையை மைலோ டின்னில், என் பிறப்புச் சான்றிதழோடு வைத்திருந்தார். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ண ஒருவரும் வரவில்லை. குறுஞ்செய்திதான் வந்தது: "உங்கள் உறுதிமொழியில் 450 வெள்ளி நிலுவை." நிலுவை! அது கடைக்காரன் சொல். அம்மா அதை என்னிடம் காட்டவே இல்லை. தோட்டை அடகு வைத்துக் கட்டினார். அடகுச் சீட்டும் அதே டின்னில்தான் இருந்தது.

ரூத்:
அக்கா, படித்து அழுதுவிட்டேன். எங்கள் சபையில் இப்போது முன் நாற்காலியின் முதுகில், காணிக்கையைக் கைப்பேசியில் செலுத்த, பேநவ் கியூஆர் ஒட்டியிருக்கிறார்கள். ஜெபத்துக்குக் கண்ணை மூடித் திறந்தால் முதலில் தெரிவது அதுதான்.

வசனப்பிரியன்:
உங்கள் அம்மாவுக்காக வருந்துகிறேன். ஆனால் அவர் மனதாரக் கொடுத்தார். மல்கியா 3:10 சொல்வது தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லித்தான். கியூஆர் இருந்தால் என்ன, காணிக்கைப் பை வந்தால் என்ன? அதோடு சிட்டி ஹார்வெஸ்டில் போன பணம் சபைக்கே திரும்பியது.

ஈசூன்வாசி:
திரும்பியதுபோல் காட்டத்தான் சபையின் இன்னொரு 26 மில்லியன் வெளியே போனது! அவ்வளவு சுத்தமென்றால் 2018-ல் சிறைக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் அந்த ஆறு பேரில் ஒருவர் புலாவ் உபின் தீவுப் பக்கம் சம்பான் படகில் ஏன் தப்பப் பார்த்தார்?

வசனப்பிரியன்:
அவர் 2013-லேயே சபையை விட்டுப் போய்விட்டார். அவர் கணக்கை எங்கள் தலையில் எழுதாதீர்கள்.

பழைய மெதடிஸ்ட்:
"எங்கள்" என்றீர்களே தம்பி. நீங்கள் எந்தச் சபை என்று கேட்டால் மட்டும் எப்போதும் பதில் வருவதில்லை.

வசனப்பிரியன்:
என் சபை எது என்பது உங்களுக்கு எதற்கு? கணக்கு வாசிக்கவா?

ஈசூன்வாசி:
அம்மா மனதாரக் கொடுத்தார் என்று எழுதினீர்களே, அந்த வரியை நீக்குங்கள். அவரை உங்களுக்குத் தெரியாது.

வசனப்பிரியன்:
நீக்க மாட்டேன். நீங்கள்தான் ஒப்புக்கொண்டீர்கள், ஒரு வெள்ளிகூட எடுக்கவில்லை என்று. மேலே போய்ப் பாருங்கள்.